திரிபு: காந்தப்புலத்தில் ஒரு கலவைப் பொருள்

தமிழில் காந்தம் பொருளாக இருந்ததைவிட உவமையாக இருந்ததுதான் அதிகம். காந்தக் குரல், காந்தக் கண்கள், வாசகனைக் காந்தமாக இழுக்கும் நடை என்று மதிப்புரைகளில் எழுதித் தள்ளியிருக்கிறோம். சினிமா போஸ்டரில் இருப்பது சித்தாந்தத்திலும் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் சிவஞானபோதம், இறைவனின் முன்னிலையில் உயிர் தொழிற்படுவதை விளக்க, ஐந்தாம் சூத்திரத்தில் காந்தத்தின் முன் நிற்கும் இரும்பைத்தான் எடுத்துக்கொள்கிறது. காந்தம் ஒன்றும் செய்வதில்லை, சும்மா இருக்கிறது, அதன் சந்நிதியில் இரும்பு இயங்குகிறது. தான் விகாரப்படாமல் மற்றதை இயக்கும் ஒன்றைச் சொல்ல இதைவிடக் கச்சிதமான உவமை கிடைப்பது கஷ்டம்.

உவமை கச்சிதமாக இருக்கும்போதுதான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. இதில் இரும்பு என்பது முழுசாக நகரும் ஒரு உருப்படி. இங்கிருந்து அங்கே போகிறது, அவ்வளவுதான். சரி, நகர முடியாதபடி அந்த இரும்பைக் கட்டிப்போட்டால்? அல்லது எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கும் புலத்தில், எந்தப் பக்கமும் இழுபடாதபடி நிறுத்தினால்? அப்போதும் இரும்புக்கு ஒன்று நேர்கிறது. அதன் உருவம் மாறுகிறது. ஈர்ப்பு என்ற சொல்லால் இதைப் பிடிக்க முடியாது. இந்தக் கட்டுரை அந்த உருவ மாற்றத்தைப் பற்றியது. குறிப்பாக, இரும்புத் துகளையும் வேறொன்றையும் கலந்து செய்யும் பொருள்கள் காந்தப்புலத்தில் எப்படி உருமாறுகின்றன என்பதைப் பற்றியது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இங்கே என்ன ஜோலி என்று கேட்பவர்களுக்கு, கொஞ்சம் பொறுங்கள், சொற்கள் நம்முடையவை என்பதைப் போகப்போகப் பார்க்கலாம். அதோடு நான் இருப்பது ஓசூரில். மோட்டார், காயில், ஸ்டாம்பிங் தகடு என்ற பேச்சு காதில் விழாமல் இங்கே ஒரு டீ குடிக்க முடியாது.

1842இல் ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கிலேயர் இதை முதலில் அளந்தார். மான்செஸ்டர் பக்கம் பீர் வடிக்கும் குடும்பம். இரும்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டி மின்சாரம் விட்டால் கம்பி நீள்கிறது என்று கண்டார். நீட்சி கண்ணுக்குத் தெரியாத அளவு. நெம்புகோல் வைத்துப் பெருக்கித்தான் பார்க்க முடிந்தது. நீளும்போது அதே விகிதத்தில் தடிமன் ஒடுங்குகிறது, மொத்தக் கன அளவு மாறுவதில்லை என்பதையும் அவரே காட்டினார். ஒரு மீட்டர் இரும்புக்குச் சில மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதற்குள்ளும் பொருளுக்குப் பொருள் குணம் வேறு. இரும்பு முதலில் நீள்கிறது, புலம் வலுக்க வலுக்கச் சுருங்கத் தொடங்குகிறது. நிக்கல் ஆரம்பத்திலிருந்தே சுருங்குகிறது.

இது ஏன் நடக்கிறது? இரும்பு உள்ளுக்குள் ஒரே சீரான பொருளாக இல்லை. கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு பிரதேசங்களாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு பிரதேசமும் முழுக் காந்தம்; ஆளுக்கொரு திசை பார்த்து நிற்பதால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. ஒவ்வொரு பிரதேசத்திலும் அணுக்களின் அடுக்கு தன் காந்த அச்சை ஒட்டி இம்மி அளவு இழுபட்டிருக்கிறது. வெளிப்புலம் வந்து எல்லோரையும் ஒரே அச்சுக்குத் திருப்பும்போது, சிதறிக் கிடந்த இம்மிகள் ஒரு பக்கமாகச் சேர்கின்றன. கம்பி நீள்கிறது.

அச்சு என்றேன், திசை என்று சொல்லவில்லை. வடக்கைத் தெற்காகப் புரட்டிப் போட்டாலும் அச்சு அதேதான், நீட்சியும் அதேதான். இந்தச் சின்ன வித்தியாசம் காதில் கேட்கும். சிப்காட் வழியாக ராத்திரி நடந்து போனால் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொன்றும் ‘ம்ம்’ என்று இரைவதைக் கேட்கலாம். மின்சாரம் ஓடுறப்போ சத்தம் வரத்தானே செய்யும் என்று விட்டுவிடுகிறோம். நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் 50 அல்ல, 100. ஒவ்வொரு அலையிலும் புலம் ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் உச்சிக்குப் போகிறது. இரும்புக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு முறையும் உருமாறுகிறது. தகடுகளின் இணைப்பில் உள்ள இழுவிசை, காயிலின் அதிர்வு, தளர்ந்த போல்ட் என்று வேறு காரணங்களும் அந்த இரைச்சலில் கலந்திருக்கின்றன. ஆனாலும் அதன் நடுவே இருப்பது ஒரு மீட்டருக்குச் சில மைக்ரான் என்ற அந்த உருமாற்றம்தான். ஒரு தெருவே கேட்கும்படி இரும்பு தன் வடிவத்தை வினாடிக்கு நூறு முறை மாற்றிக்கொள்கிறது.

இனி சொற்களுக்கு வரலாம். விசைக்கு உட்பட்ட பொருளில் ஏற்படும் வடிவ மாற்றத்தின் அளவைத் தமிழ்நாட்டுப் பௌதிகப் பாடநூல்கள் ‘திரிபு’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் அதுவே ‘விகாரம்’. உள்ளே எழும் எதிர்விசையை நாம் தகைவு என்கிறோம், அவர்கள் தகைப்பு என்கிறார்கள். கலைச்சொல் உண்டாக்கியவர்கள் யாராக இருந்தாலும், கடலுக்கு இருபுறமும் ஒரே வீட்டுக்குள் போய்த்தான் சொல் எடுத்திருக்கிறார்கள். இலக்கணம். நன்னூலில் புணர்ச்சி இரண்டு வகை: இயல்பு, விகாரம். விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பேச்சுவழக்கில் விகாரம் என்றால் அசிங்கம் என்று ஆகிவிட்டது. பவணந்திக்கு அப்படி இல்லை. பக்கத்தில் இன்னொன்று வந்து நிற்பதால் ஒன்று மாறுவது, அதுதான் விகாரம். மரம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வேர்’ வந்தால் அதன் மகரம் கெட்டு மரவேர் ஆகிறது. ‘கள்’ வந்தால் ஙகரமாகத் திரிந்து மரங்கள் ஆகிறது. மகரத்தின் உள்ளியல்பை எவ்வளவு துருவினாலும் அது கெடுமா திரியுமா என்று சொல்ல முடியாது. எதன் பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 1982இல் தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ வந்தபோது, உறவுகளால் ஆனதே அமைப்பு என்பது ஏதோ பாரிஸ் சரக்கு என்று முகம் சுளித்தவர்கள் நன்னூலின் உயிரீற்றுப் புணரியலையும் மெய்யீற்றுப் புணரியலையும் மனப்பாடமாக ஒப்பித்தவர்கள்தான்.

கலவைப் பொருளுக்குப் போகும்முன் இன்னொரு சொல்லைத் தாண்டியாக வேண்டும். ‘மென்’. மென்காந்தப் பொருள் என்றால் தொட்டால் குழையும் பொருள் இல்லை. புலம் வந்தால் சட்டென்று காந்தமாகும், புலம் போனால் சட்டென்று மறந்துவிடும் பொருள். சுத்த இரும்பு மென்காந்தம். சுத்தியல் கொண்டு அடித்தாலும் மென்காந்தம்தான். வன்காந்தம் நினைவில் வைத்திருக்கும். மெல்லெழுத்து என்கிறோம், அதன் மென்மையை யாராவது கையால் தொட்டுப் பார்த்திருக்கிறோமா? அது போலத்தான் இதுவும். 1980களின் பிற்பகுதியிலிருந்து ஓசூரில் டைட்டன் செய்துவரும் குவார்ட்ஸ் கடிகாரத்தைத் திறந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். முள்ளை நகர்த்தும் குட்டி மோட்டாரில் சுழல்வது வன்காந்தம். அதைச் சுற்றியிருப்பது மென்காந்தத் தகடு. வினாடிக்கு ஒரு துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் தகடு காந்தமாகி, அரைச் சுற்று தள்ளிவிட்டு, மறந்துபோகிறது. மறக்கவில்லையென்றால் அடுத்த வினாடி வராது.

சிக்கல் என்னவென்றால், ‘மென்காந்தக் கலவை’ என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி தெரியும் இரண்டு பொருள்கள் நிற்கின்றன. ஒன்றில் ‘மென்’ என்பது காந்தத்துக்கு அடை. மற்றதில் பொருளும் நிஜமாகவே மென்மையானது, கையால் அமுக்கலாம்.

முதலாவது, அழுத்திய இரும்புத்தூள். ஓசூர்ப் பக்கம் இரும்புத்தூளை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டு உதிரிபாகம் செய்யும் சின்டரிங் வேலை தெரிந்தவர்களுக்கு இது பாதி பழக்கமானது. சின்டரிங்கில் துகளும் துகளும் சூட்டில் ஒட்டி ஒன்றாகிவிட வேண்டும். இங்கே ஒன்றாகவே கூடாது. ஒவ்வொரு துகளுக்கும் மின்சாரம் கடத்தாத மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறார்கள். மாறும் புலத்தில் இரும்புக்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து சூடாகி வீணாகும். அதைத் தடுக்கத்தான் பழைய மோட்டார்களில் இரும்பை ஒரே கட்டியாக வைக்காமல் வார்னிஷ் பூசிய தகடுகளாக அடுக்கினார்கள். தகடு, ஒரு தளத்தில்தான் புலத்தைச் சரியாக ஓடவிடும். தோல் போர்த்திய துகளில் புலம் முப்பரிமாணத்திலும் ஓடலாம், சுழல் மின்னோட்டமோ துகளுக்குள்ளேயே முடங்கிப்போகும்.

விலையும் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஆறேழு டன் வீதம் அழுத்தியதில் ஒவ்வொரு துகளும் நசுங்கி உள்ளே தகைவோடு கிடக்கிறது. இத்தாலியரான வில்லாரி 1865இல் கண்டது இதுதான்: புலம் வடிவத்தை மாற்றுகிற மாதிரியே, வடிவத்தை மாற்றினால் இரும்பு காந்தமாகும் விதமும் மாறும். இந்த உறவு ஒருவழிப் பாதையில்லை. நசுங்கிய துகள் சோம்பேறித்தனமாகக் காந்தமாகிறது. அதன் உள்காயம் ஆற வேண்டுமென்றால் சூடேற்ற வேண்டும்; 500 டிகிரி வாக்கில் மேலே போனால் தோல் கருகிவிடும். தோல் போனால் கலவையே இல்லை, வெறும் இரும்பு. காயம் முழுசாக ஆறாமலும் தோல் முழுசாகக் கருகாமலும் இடையில் ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தப் பொருளின் வாழ்க்கை முழுக்க அந்த இடைப்பட்ட இடத்தில்தான். இழுத்தால் எளிதில் உடையும். ஏனென்றால் துகள்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்திருக்கவில்லை, பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி நிற்கின்றன.

மோட்டாரில் இதைவிடப் பெரிய உருமாற்றம் ஒன்று உண்டு. அது துகளுக்குள்ளோ படிகத்துக்குள்ளோ நடப்பதில்லை. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் உள்ள காற்று இடைவெளியில் விழும் இழுப்பால் வருவது. ஒரு டெஸ்லா புலம் இருந்தால் அந்த இடைவெளியின் இரு முகங்களையும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிலோ எடை இழுக்கிறது. ஸ்கூட்டர் டயரில் நாம் அடிக்கிற காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. ஒன்றரை டெஸ்லா என்றால் 9 கிலோ; புலம் ஒன்றரை மடங்கானால் இழுப்பு இரண்டேகால் மடங்கு ஆகும். மோட்டாரின் வெளி வளையத்தை எதிரெதிரே இரண்டு இடத்தில் இப்படி இழுத்தால் வட்டம் நீள்வட்டமாகிறது, விட்டால் திரும்புகிறது. மறுபடி இழுத்தால் இன்னொரு பக்கம் நீள்கிறது. அதுவும் சத்தம்தான்.

இது இந்தப் பகுதிக்கு அந்நியமான கவலையில்லை. ஓசூரில் டி.வி.எஸ். 2020இலிருந்து ஐக்யூப் செய்கிறது, ஏத்தர் தொழிற்சாலையும் ஓசூரில்தான். 2021இல் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா வந்தது. பெட்ரோல் என்ஜின் இருந்தவரை அதன் உறுமலில் எல்லாம் முங்கிப்போயிற்று. மின்மோட்டாரில் உறுமல் இல்லை. அதனால் இரும்பின் முனகல் கேட்கிறது. 2025 ஏப்ரலில் சீனா அருமண் உலோகங்களுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று சொன்னபோது, வன்காந்தம் இல்லாமல் மோட்டார் ஓட்ட முடியுமா என்ற பழைய கேள்வி இந்தியாவில் புதிதாகக் கிளம்பியது. முடியும். சுழலும் பாகத்தை வெறும் மென்காந்தத் தகட்டில் பல்பல்லாக வெட்டி, புலத்துக்குச் சுலபமான வழி எதுவோ அதற்கு அது தானாகத் திரும்பிக்கொள்ளும்படி செய்யலாம். காந்தமே வேண்டாம், வடிவம் போதும். ஆனால் வளையத்தை உள்ளே இழுக்கும் விசை இதில் மிகவும் கடுமை. இந்த மோட்டாரின் நூற்றாண்டுக் குறை என்று எல்லோரும் சொல்வது அதன் இரைச்சலைத்தான். இரைச்சல் என்றால், மென்காந்தத்தின் திரிபு.

இரண்டாவது பொருளில்தான் எனக்கு அதிக ஈடுபாடு. சிலிக்கோன் ரப்பர் இளகிய நிலையில் இருக்கும்போது சில மைக்ரான் அளவுள்ள சுத்த இரும்புத் துகளைக் கலந்து உறைய வைக்கிறார்கள். அவ்வளவுதான் சமையல். இரும்புக் கட்டியோடு ஒப்பிட்டால், மிகவும் இளக்கமாகச் செய்த சிலிக்கோன் லட்சக்கணக்கான மடங்கு வளைந்துகொடுப்பது. காந்த இழுப்பு அதே அளவில்தான் இருக்கிறது. எதிர்த்து நிற்பது இளகிவிட்டது. அதனால் ஒரு மீட்டருக்குச் சில மைக்ரான் என்று இருந்த கணக்கு, நூற்றுக்குச் சில பங்கு என்று ஆகிவிடுகிறது. கண்ணால் பார்க்கலாம்.

இங்கே லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கிரைண்டிங் மெஷினின் அதிர்வைக் குறைக்க ஒரு பேட் செய்ய வேண்டும் என்று இதைக் கலந்து பார்த்தார். கறுப்பாக, பழைய ஹவாய் செருப்பின் குதிகால் மாதிரி ஒரு துண்டு. அடியில் காந்தத்தைக் கொண்டுபோனால் மழமழவென்று இருந்த மேற்பரப்பு சொரசொரப்பாகிறது, ஓரம் காந்தத்தின் பக்கம் வளைகிறது. “பாத்தீங்களா சார், இழுக்குது” என்றார். இழுப்பதுதான்; ஆனால் அது பழைய உவமையின் இழுப்பு. காந்தத்தின் அருகே புலம் வலு, தள்ளிப்போனால் பலவீனம். அந்த ஏற்ற இறக்கத்தால் துண்டு வலுவான பக்கத்துக்குப் போகப் பார்க்கிறது. நான் சொல்லும் திரிபைப் பார்க்க வேண்டுமென்றால் ஏற்ற இறக்கமே இல்லாத சமப்புலம் வேண்டும். எங்கும் இழுபடாத நிலையில் அது என்ன செய்கிறது?

பெரும்பாலும் நீள்கிறது, புலத்தின் திசையில். ரப்பரின் கன அளவு மாறாது என்பதால் குறுக்கே ஒடுங்குகிறது. இதில் ஒரு புதிர் இருக்கிறது. புலத்துக்குள் வந்ததும் ஒவ்வொரு துகளும் குட்டிக் காந்தமாகிறது. புலத்தின் வரிசையில் ஒன்றின் தலைமாட்டில் ஒன்றாக நிற்கும் இரண்டு துகள்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன. பக்கவாட்டில் நிற்பவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. அப்படியானால் புலத்தின் திசையில் எல்லோரும் நெருங்க வேண்டும், குறுக்கே விலக வேண்டும். துண்டு குட்டையாகிக் குண்டாக வேண்டும். ஆனால் நீள்கிறது!

விடையின் ஒரு பாதி, துண்டின் முழு வடிவத்தில் இருக்கிறது. காந்தமான எந்தப் பொருளுக்கும் இரண்டு முனையிலும் துருவங்கள் எழும். அவை உள்ளே ஒரு எதிர்ப்புலத்தை உண்டாக்கி, வந்த புலத்தைக் கொஞ்சம் அழிக்கும். முனைகள் தூரத்தில் இருந்தால் இந்த அழிவு குறைவு. தட்டையான வட்டுக்கு எதிர்ப்புலம் ஏறக்குறைய முழுசு. உருண்டைக்கு மூன்றில் ஒரு பங்கு. ஊசிக்குக் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆகவே புலத்தில் நிற்கும் எந்த மென்காந்த உடலுக்கும் ஊசியாவதில் லாபம். இரும்புக் கட்டிக்கும் அந்த ஆசை உண்டு, எலும்பு விடுவதில்லை. ரப்பர் விடுகிறது. எதுவரைக்கும் என்றால், நீட்சியை எதிர்க்கும் ரப்பரின் முறுக்கமும் ஊசியாவதன் லாபமும் சமமாகும்வரைக்கும்.

மறுபாதி, துகள்களின் உள்ளடுக்கில். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்தில் 2011இல் துகள்களைச் சீரான கட்டங்களாக அடுக்கியதாக வைத்து, துகள்களின் பரஸ்பர விசையை மட்டும் கணக்குப் போட்டவர்களுக்கு விடை சுருக்கம் என்றே வந்தது. தப்புக் கணக்கில்லை. அப்படி அடுக்கினால் அப்படித்தான். நிஜத் துண்டில் யாரும் கட்டம் போட்டு அடுக்குவதில்லை; துகள்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன. தாறுமாறு என்றால் நேர் வரிசையில் நிற்கும் ஜோடிகளைவிடச் சாய்வாக நிற்கும் ஜோடிகளே அதிகம். சாய்ந்த ஜோடி புலத்தின் அச்சுக்குத் திரும்பப் பார்க்கிறது; திரும்பும்போது சுற்றியுள்ள ரப்பரை மேலும் கீழும் தள்ளுகிறது. ஒரே இரும்பு, ஒரே சிலிக்கோன், ஒரே விகிதம், ஒரே புலம். அடுக்கு மாறினால் நீட்சி சுருக்கமாகிவிடும். இதையே இன்னொரு விதமாகவும் காட்டலாம்: கலவை உறையும்போதே புலத்துக்குள் வைத்தால் துகள்கள் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு அப்படியே உறைந்துபோகும். பிறகு அந்தத் துண்டு சங்கிலியின் வாக்கில் ஒரு மாதிரியும் குறுக்கே வேறு மாதிரியும் விறைக்கும். மகரம் கெடுமா திரியுமா என்று மகரத்தைக் கேட்க முடியாததைப் போல, நீளுமா சுருங்குமா என்று இரும்புத் துகளைக் கேட்க முடியாது.

இந்த இடத்தில் ஓசூரை உவமையாக்கிவிட எனக்கும் கை துறுதுறுக்கிறது. பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர். 1970களில் பின்தங்கிய பகுதிக்கான சலுகைகளோடு சிப்காட் வந்தது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஏற்கனவே கலந்து கிடந்த ஊர். அப்புறம் தர்மபுரி, திருவண்ணாமலை ஆட்கள், இப்போது ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார். வேலை காந்தம் போல் இழுத்தது என்று எழுதுவது நம் பத்திரிகை வழக்கம். அந்த வாக்கியத்தில் ஆட்கள் வெறுமனே இடம் மாறுகிறார்கள்; வந்தபின் அவர்களுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விக்கு அதில் இடமே கிடையாது. அதன் தொடர்ச்சியாகத்தான் யார் வந்தார்கள், எந்த ஊர், என்ன சாதி, என்ன குணம் என்று துகளைத் துருவும் சமூகவியல் பிறக்கிறது. பிகாரிப் பையன் முறைப்பான், ஜார்க்கண்ட் பெண் வாய் பேசாது என்று சூப்பர்வைசர் சொல்வதும் அதே சமூகவியல்தான். எந்த ஷிப்டில், எந்தக் கான்ட்ராக்டருக்குக் கீழ், எந்த ஹாஸ்டலில், யார் பக்கத்தில் வைக்கப்பட்டார்கள் என்று கேட்டால் பதில் வேறாக வரும். இவ்வளவு தூரம்தான் உவமை வரும். இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்; துகள் வேலைநிறுத்தம் செய்வதில்லை, தன்னை அடுக்கியவன் யார் என்று கேட்பதுமில்லை.

திரும்ப ரப்பருக்கு. மென்காந்தத் துகள் மறதிக்காரன் என்று பார்த்தோம். புலம் எடுத்தால் அதுவும் போய்விடும். நல்ல ரப்பரும் அப்படியே, விட்டால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். இரண்டுக்கும் நினைவு கிடையாது. இரண்டையும் கலந்த பொருளில் நினைவு இருக்கிறது. புலத்தை ஏற்றிக்கொண்டே போய் பிறகு இறக்கினால், ஏறின பாதையில் அது இறங்குவதில்லை. இந்தப் பின்தங்கலுக்கு நம் பாடநூல்கள் வைத்த பெயர் ‘தயக்கம்’. இதுவரை வந்த கலைச்சொற்களில் இதற்குத்தான் என் ஓட்டு. வன்காந்தத்தில் தயக்கம் இரும்பின் உள்ளிருந்து வருகிறது. இங்கே எங்கிருந்து வருகிறது? புலம் ஏறும்போது அருகருகே இருந்த துகள்கள் ரப்பரை அமுக்கிக்கொண்டு நெருங்கிக் கொத்தாகிவிடுகின்றன. நெருங்க நெருங்க இழுப்பு இன்னும் கூடுகிறது. புலம் இறங்கும்போது, நெருங்கியிருக்கும் ஒரே காரணத்தால், முன்பு சேர்வதற்குத் தேவைப்பட்ட புலத்தைவிடக் குறைந்த புலத்திலும் பிரியாமல் நிற்கின்றன. புலம் பூஜ்யத்தை நெருங்கும்போதுதான் ரப்பர் ஜெயித்துப் பிரித்துவிடுகிறது. நினைவு துகளிலும் இல்லை, ரப்பரிலும் இல்லை. அவற்றின் நடுவில் இருக்கும் தூரத்தில் இருக்கிறது.

மாஸ்கோ ஆய்வாளர்கள் இதை இன்னும் நாடகமாகக் காட்டினார்கள். வலுவான புலத்துக்குள் வைத்து இந்த ரப்பரைக் கையால் இழுத்தோ வளைத்தோ விட்டால், விட்ட வடிவத்திலேயே நிற்கிறது, களிமண் மாதிரி. புலத்தை அணைத்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. புலம் இருக்கும்வரை களிமண், இல்லாதபோது ரப்பர்.

பட்டறை நண்பரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு நாடகத்தில் அக்கறையில்லை. அவருக்கு வேண்டியது, மின்சாரம் கூட்டினால் விறைத்து, குறைத்தால் இளகும் பேட். ஃபோர்டு மோட்டார் கம்பெனி ஆய்வகமும் 1990களின் பிற்பகுதியில் காரின் சஸ்பென்ஷன் புஷ்ஷில் இதையேதான் முயன்றது என்பதால், கேள்வி சிறியதில்லை. விறைப்பு கூடுவது நிச்சயம் என்றேன். “காயிலு சூடாவுமே சார், அந்தச் சூட்டுல ரப்பரு எவ்ளோ நாளு நிக்கும்?” என்றார். துண்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு மாதம் மெஷினுக்கு அடியில் இருந்தது. துகளும் ரப்பரும் ஒட்டியிருந்த பிடிப்பு ஓரத்தில் விட்டுப்போயிருந்தது. விட்ட இடங்களில் தண்ணீர் புகுந்து, கறுப்பில் காவிப் புள்ளிகளாகத் துரு. இரும்புத் துகளுக்குத் தோல் போர்த்தாமல் போட்டுவிட்டார். அடுத்த தடவை போர்த்திப் போடுவதாகச் சொன்னார். எதை வைத்துப் போர்த்துவது, போர்த்தினால் சிலிக்கோன் அதைப் பிடிக்குமா என்பதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.